பதினெட்டுப் பொட்டலம் உப்பு

எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. பத்தாவது வரை படித்தேன். அதிலும் கணக்கில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறைதான் தேறினேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறந்து பேசிப் பழக்கமில்லை. நம் பள்ளிக்கூட விழா மலருக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டபோது தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று மாதம் சும்மா இருந்தேன். ஒரு பக்கம்தான் கேட்டார்கள். இது நீண்டுவிட்டது. அச்சில் போட இடமில்லையென்றால் கிழித்துவிடுங்கள். ஆனால் யாராவது ஒருவர் கடைசி வரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நான் சொல்லப்போவது உங்களில் பலருக்கும் ஞாபகமிருக்கும் ஒரு நாளைப் பற்றி. நாம் நாலாம் வகுப்பில் இருந்த வருஷம், சித்திரையில் ஒரு நாள், பகல் பதினோரு மணிவாக்கில் உப்பளத்துப் பக்கமிருந்து வெள்ளைப் புகை வந்து பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. டீச்சர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்; ஜன்னலுக்குக் கதவே கிடையாது. சட்டையையும் பாவாடையையும் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரும் வடக்கே ஓடினீர்களாம். அன்று மதியமே பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அன்று பள்ளிக்கு வரவில்லை. புகை கிளம்பிய இடத்தில் இருந்தேன்.

அந்தப் புகையைக் கிளப்பியது என் அத்தை என்றுதான் அன்று முதல் இன்று வரை எல்லோரும் சொல்கிறீர்கள். நானும் மறுத்ததில்லை.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. மெட்ராஸில் சிலை செய்யும் படிப்புப் படித்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஊருக்குத் திரும்பியபோது முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு சாக்கு மூட்டையும் கொண்டுவந்தாள். மூட்டையில் துணிமணி இருக்கும் என்று அம்மா நினைத்தாள். அவிழ்த்தால் மண். ஊரில் மண்ணே இல்லையா என்று அம்மா அடுப்படியில் முணுமுணுத்தது அத்தையின் காதில் விழுந்திருக்க வேண்டும். அதிலிருந்து இரண்டு பேரும் அளந்துதான் பேசிக்கொண்டார்கள்.

அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. முதலாளியிடம் கேட்டு, அளத்தின் கிழக்கு ஓரத்தில் சும்மா கிடந்த பழைய உப்புக் கொட்டகையில் அத்தை வேலை செய்யச் சம்மதம் வாங்கினார். ஊரை விட்டுப் போனவர்களுக்கு இடம் மறந்திருக்கலாம். கொட்டகைக்குக் கிழக்கே சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் கடல். மேற்கே பாத்தி பாத்தியாக உப்பளம். அதற்கும் மேற்கே நம் தெரு, பள்ளிக்கூடம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

கொட்டகையில் கால் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். எத்தனையோ வருஷம் உப்புக் குவிந்து கிடந்த தரை; சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை பூத்திருக்கும். ஆணியெல்லாம் துருவேறி, தொட்டால் உதிரும். அத்தை காலையில் வந்ததும் முதல் வேலையாக, சிலைகள் மேல் சுற்றியிருக்கும் ஈரச் சாக்கைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ந்திருந்தால் தண்ணீர் தெளிப்பாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணை மிதிப்பாள். அந்த மண் விருத்தாசலம் பக்கத்திலிருந்து லாரியில் வந்தது. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சேர்க்கமாட்டாள். அது கரிக்கும், காயும்போது சிலை மேல் வெள்ளையாகப் பூத்துக் கெடுத்துவிடும் என்பாள். சவுக்குத் தோப்பு ஊற்றிலிருந்து இனிப்புத் தண்ணீரை இரண்டு குடம் தானே தூக்கி வருவாள்.

அவளுடைய ஆயுதங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று, உடைந்த சீப்பு, குடைக் கம்பி, தேய்த்துக் கூராக்கிய கொட்டாங்குச்சி, நடுவில் ஓட்டை விழுந்த அலுமினியக் கரண்டி. இரண்டு முனையிலும் குச்சி கட்டிய மெல்லிய கம்பி ஒன்று, மண்ணை அறுக்க. எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். அந்த டின் பிறகு என்ன ஆனது என்று தெரியவில்லை.

வெளியே ஒரு குவியல் உண்டு. கெட்டுப்போன வேலையெல்லாம் அங்கே கிடக்கும். ஒரு கை, பாதி ஆடு, கழுத்தில்லாத ஒரு கிழவர். உப்பு வாருகிற பெண்கள் அந்தப் பக்கம் போனால் ஆஸ்பத்திரி எப்படி நடக்கிறது என்று கேலியாக விசாரிப்பார்கள். அத்தை சிரிக்க மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். சுடாத துண்டுகளைப் பொறுக்கித் தொட்டியில் ஊறப்போட்டு மறுபடி மிதிப்பாள்.

உப்பளத்தை ஒட்டி, குகை மாதிரி கட்டிய சின்னக் கோயிலாக, நம் பங்கைச் சேர்ந்த அன்னம்மாள் கெபி இருந்தது அல்லவா? அதில் அன்னம்மாள் தன் மகள் மாதாவை, சின்னப் பெண்ணாக, கையில் பிடித்து நிற்பாள். பிளாஸ்டர் சிலை. உப்புக் காற்று அதன் மூக்கைத் தின்றுவிட்டது. திருவிழாவுக்குத் திருவிழா உபதேசியார் மூக்குக்குப் புட்டி மாவு அப்பிப் பெயின்ட் அடிப்பார். அடித்து அடித்து முகம் பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி ஆகிவிட்டது. பங்குச் சாமியார் ஒரு நாள் கொட்டகைக்கு வந்து, உப்புக் காற்றைத் தாங்குகிற மாதிரி ஒரு சிலை செய்ய முடியுமா என்று அத்தையைக் கேட்டார்.

“உப்பு போட்டுச் சுட்டா தாங்கும், சாமி. உப்புல வெந்தத உப்பு திங்காது” என்றாள் அத்தை.

கொட்டகைக்கு வெளியே அவள் கட்டியிருந்த சூளை நன்றாகக் காய்ந்து உச்சச் சூட்டுக்கு வரும்போது, அதற்குள் உப்பை வீச வேண்டும். உப்பு ஆவியாகி மண் மேல் படிந்து, கண்ணாடி மாதிரி ஒரு பூச்சாகிவிடும். பெயின்ட் தேவையில்லை. எத்தனை மழை பெய்தாலும் போகாது. ஆனால் உப்பு வீசும்போது வெள்ளைப் புகை வரும். அது சாதாரணப் புகை இல்லை. மூக்கிலும் கண்ணிலும் பட்டால் எரியும், நெஞ்சை அடைக்கும்.

சிலைக்கு முன்னால், தை மாதத்தில், ஒரு தடவை சும்மா சட்டி பானைகளை வைத்துச் சோதித்துப் பார்த்தாள். மத்தியானம் உப்பு வீசினாள். கடல் காற்று அந்தப் புகையை அப்படியே தூக்கி அளத்தின் மேல் போட்டது. பாத்தியில் நின்றவர்களெல்லாம் இருமிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். மறுநாள் வேலைக்கு வராமல் கொட்டகை முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி வந்தார். அத்தையைக் காலி பண்ணச் சொன்னார். அப்பாதான் குறுக்கே நின்று ஒரு வழி சொன்னார். காலையில் நிலத்துக் காற்று கடலைப் பார்த்து வீசும். பத்து, பத்தரை வரை நிற்கும். அதற்குள் உப்பைப் போட்டு முடித்துவிட்டால் புகை தோப்பைத் தாண்டிக் கடலுக்குப் போய்விடும்.

வாய்வார்த்தையை நம்ப முடியாது என்று உப்பு வாரும் பெண்களில் மூத்தவள் சொன்னாள். “உப்ப அள்ளிச் சொல்லச் சொல்லுங்க மேஸ்திரி.”

அந்தச் சத்தியம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அளத்தில் உப்பை அள்ளிச் சொன்ன சொல்லை மீறியவர் கையால் பிறகு யாரும் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். அத்தை குனிந்து அம்பாரத்திலிருந்து ஒரு கை அள்ளினாள். காற்று மாறினால் உப்பை நிறுத்திவிடுவேன் என்றாள். முதலாளி, இன்னொரு தடவை அளத்தின் மேல் புகை வந்தால் மறுநாளே கொட்டகைக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசியில் சிலை வேலை ஆரம்பித்தது. சின்ன மாதாவின் முகத்துக்கு அத்தை என்னை உட்கார வைத்தாள். கவிழ்த்த மண்ணெண்ணெய் டின் மேல், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும், ஒரு மணி நேரம். யாராவது உற்றுப் பார்த்தால் அழுதுவிடுகிற பிள்ளை நான். முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை என் தாடையை ஒரு விரலால் நிமிர்த்தினாள்.

“கூச்சப்படாத பாப்பா. நான் உன்னைப் பாக்கல. உன் மூக்கப் பாக்கறேன்.”

உண்மைதான். அவள் பார்வையில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. கத்தரிக்காயில் புழு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பது போலப் பார்த்தாள். குச்சியை வைத்து என் கண்ணுக்கும் காதுக்கும் இடையே அளப்பாள். கையில் மண்ணும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை அடிக்கும். இரண்டு வாரத்தில் எதிரே மண்ணில் நான் உட்கார்ந்திருந்தேன். நிஜத்தில் இருப்பதைவிடத் தைரியமாக இருந்தேன். எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

மண் கட்டியாக இருந்தால் சூளையில் வெடித்துவிடும். விரல் தடிமனுக்கு ஓடு மட்டும்தான் இருக்க வேண்டும். அதனால் சிலையின் தலையைக் கம்பியால் அறுத்துத் திறந்து, உள்ளே இருக்கும் மண்ணைக் குடைந்து எடுத்துவிட்டு, மறுபடி மூடி ஒட்டுவார்கள். ஒட்டிய தடமே தெரியாது. இது எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

அம்மா அன்று தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். அத்தை மடியில் என் தலை இருந்தது. நெற்றிக்கு மேலே அறுத்து எடுத்து மூடி மாதிரி பக்கத்தில் வைத்திருந்தாள். ஓட்டைக் கரண்டியால் உள்ளே சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் டின் மேல் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். “எம் புள்ள தலைய என்னா பண்றீங்க அண்ணி?”

அத்தை நிமிரவே இல்லை. “குடையறேன்” என்றாள்.

அந்த ஒரு சொல்லோடு நிறுத்தாமல் இன்னும் நாலு சொல் சேர்த்து அத்தை விளக்கியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அத்தைக்கு வேலை நேரத்தில் பேசப் பிடிக்காது. அம்மா தூக்கை வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் என் உச்சந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அந்த முகம் நெருப்புக்குள் போகப் போகிறது என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. உயிரோடு இருக்கிற பிள்ளையின் முகத்தைச் செய்து சூளையில் வைப்பதா என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா, சிலை வேறு பிள்ளை வேறு என்றார். பங்குச் சாமியாரிடம் போனாள். அவரும் அதையே சொல்லி, சிரித்து, ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பினார்.

“சாமிக்கு என்னா, புள்ளையா குட்டியா” என்றாள் அம்மா, வீட்டுக்கு வந்து.

சிலை ஒன்றரை மாதம் சாக்குக்குள் மெதுவாகக் காய்ந்தது. அன்னம்மாள் இரண்டு துண்டு, சின்ன மாதா ஒரு துண்டு. ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம் சூளையில் அடுக்கினார்கள். கூனிமேட்டு பாய் இரண்டு வண்டி சவுக்கு விறகு கொண்டுவந்து இறக்கினார். விறகு போட, இரும்பை கிராமத்திலிருந்து செங்கல் சூளைக்காரர் ஒருவர் வந்தார். ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தீ மூட்டினார்கள்.

அன்று சாயங்காலம் நான் தலைவலியோடு பள்ளியிலிருந்து வந்தேன். அந்த வாரம் நம் வகுப்பில் நாலைந்து பேர் வரவில்லை. சித்திரை வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று டீச்சர் சொன்னார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு எனக்கு உடம்பு கொதித்தது. வீட்டு வாசலில் நின்றால் அளத்துக்கு அந்தப் பக்கம் சூளைப் புகை தெரியும். அம்மா என் நெற்றியில் கை வைப்பாள், வாசலுக்குப் போய்ப் பார்ப்பாள், மறுபடி வந்து கை வைப்பாள். சூளையின் சூடு ஏற ஏறப் பிள்ளைக்கும் ஏறுகிறது என்று அவளுக்குப் பட்டுவிட்டது. அப்பா கசாயம் வைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, விடிந்ததும் அளத்தின் தெற்குக் கோடிக்கு மடை பார்க்கப் போனார்.

பொழுது ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை. அம்மா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை, கால் அவள் முழங்கால் வரை தொங்கியது. இடுப்பில் ஒரு குடம். கிணற்றடியில் நிறுத்தி அதில் தண்ணீர் நிரப்பினாள். எனக்குத் தருவாள் என்று வாயைத் திறந்தேன். “இது உனக்கு இல்ல” என்றாள்.

வரப்பு மேல் நடந்து போனோம். தண்ணீர் தளும்பி என் காலில் பட்டபோது சுட்டது போல இருந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரோ எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

சூளை ஓர் ஆள் உயரம் இருக்கும். இடுக்குகளில் எல்லாம் வெளிச்சம் தெரிந்தது. அத்தை தலையில் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு சின்னத் துவாரத்தின் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் பொசுங்கியிருந்தது. அந்தத் துவாரத்துக்கு நேரே மூன்று சின்ன மண் கூம்புகள் வைத்திருப்பாள். சூட்டில் மூன்றும் வளைந்து படுத்தால் உப்பு போடலாம். இரண்டு எப்போதோ படுத்துவிட்டன. விறகில் ஈரம் இருந்ததால் மூன்றாவது ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டியது, பத்தாகியும் சாய்ந்தபடியே நின்றது. பக்கத்தில் மூங்கிலில் கட்டிய பழைய புடவைக் கிழிசல் கடல் பக்கம் பறந்துகொண்டிருந்தது. அத்தை துவாரத்தைப் பார்ப்பாள், கிழிசலைப் பார்ப்பாள்.

அம்மா நேராகத் தீவாய்க்குப் போனாள். சூளைக்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

“தள்ளுய்யா” என்றாள் அம்மா. “புள்ள எரியுது. நெருப்ப அணைக்கணும்.”

அத்தை திரும்பினாள். குடத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஓடி வந்து தீவாய்க்கு முன்னால் நின்றாள்.

“தண்ணி பட்டா உள்ள இருக்கிறது அத்தனையும் வெடிக்கும். பாப்பா மொகமும்தான். அதத்தான் பாக்கப் போறியா?”

அம்மா குடத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். “அப்ப வெளிய எடுங்க.”

“எடுக்க முடியாது. இன்னும் ரெண்டு நாளுக்கு யாராலயும் எடுக்க முடியாது.”

சூளை உறுமிக்கொண்டிருந்தது. என் கன்னம் அம்மாவின் தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது. சூளைக்காரர் துவாரத்தில் பார்த்துவிட்டு, மூன்றாவதும் படுத்துவிட்டது என்றார். அத்தை அசையவில்லை. அசைந்தால் அம்மா தண்ணீரை ஊற்றிவிடுவாள்.

அப்போதுதான் அம்மா பலகை மேல் இருந்த பொட்டலங்களைப் பார்த்தாள். செய்தித்தாளில் மடித்த பதினெட்டுப் பொட்டலங்கள். ஒன்று பிரிந்து உப்பு சிந்தியிருந்தது.

“இது எதுக்கு?”

“நெருப்புல போடறதுக்கு” என்றாள் அத்தை.

அம்மா அவளையே பார்த்தாள். உப்பைப் பிள்ளைக்குச் சுற்றி நெருப்பில் போடுவது அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். உபதேசியார் எத்தனை முறை கண்டித்தாலும் வெள்ளிக்கிழமை தோறும் எனக்கும் தம்பிக்கும் சுற்றிப் போடுவாள். “யாரு சுத்திப் போடப் போறது?” என்று கேட்டாள்.

அத்தை கிழிசலைப் பார்த்தாள். அது முன் போல விறைப்பாக இல்லை.

“நீயே போடு” என்றாள்.

அத்தைக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அது எனக்கு அப்போதே தெரியும். அவள் தந்திரமாகச் சொன்னாளா, இரக்கத்தில் சொன்னாளா, வேறு வழியில்லாமல் சொன்னாளா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். மூன்றும் இருக்கலாம்.

என்னைச் சாக்கின் மேல் உட்கார வைத்தார்கள். அம்மா ஒரு பொட்டலத்தை எடுத்து வலமாக மூன்று தடவை, இடமாக மூன்று தடவை என் தலையைச் சுற்றினாள். ஊர் கண்ணு, உறவு கண்ணு, அளத்துக் கண்ணு, கோயில் கண்ணு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். “அத்த கண்ணு” என்றும் சொன்னாள். அத்தை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செங்கல்லை நகர்த்தி இடம் காட்டினாள். அம்மா வீசினாள்.

உள்ளே படபடவென்று வெடித்தது. சூளையின் தலையிலிருந்து வெள்ளையாக ஒன்று பொங்கி எழுந்து, சவுக்குத் தோப்பின் மேல் சாய்ந்து கடலுக்குப் போனது.

“எவ்ளோ கண்ணு பாத்தீங்களா அண்ணி” என்றாள் அம்மா. அவள் குரலில் நிம்மதி வந்திருந்தது.

அடுத்தது. அதற்கடுத்தது. அத்தை சீக்கிரம் போடும்படி சொன்னாள். அம்மா கேட்கவில்லை. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முழுதாகச் சுற்றினாள், ஒரு கண்ணையும் விடாமல் சொன்னாள், மூன்று தடவை துப்பச் சொன்னாள். எனக்கு எச்சில் வரவில்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று சூளைக்காரர் எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்றாவது வெடித்தபோது புகை சாயாமல் நேராக மேலே போனது. மூங்கிலில் கிழிசல் தொங்கிவிட்டது.

“காத்து விழுந்திடுச்சிங்க” என்றார் சூளைக்காரர்.

அத்தை நீண்ட கம்பியை உள்ளே விட்டு, சோதனைக்கு வைத்திருந்த ஒரு மண் வளையத்தைக் கொக்கிபோல மாட்டி வெளியே எடுத்தாள். அது சிவந்து, மெல்ல ஆறி, பழுப்பானது. ஒரு பக்கம் பளபளப்பு ஏறியிருந்தது, மறுபக்கம் வெறும் மண்ணாக இருந்தது. அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பாதிதான் ஏறியிருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. பிறகு செங்கல்லை எடுத்து இடைவெளியை மூடினாள்.

“போதும்மா. நிறுத்திக்க.”

“ஏழு இருக்குது” என்றாள் அம்மா.

“காத்து மாறுது. இனி போட்டா அளத்து மேல வரும்.”

“பாதியில விட்டா புள்ளைக்கே திரும்பும். தெரியாதா உங்களுக்கு?”

“உப்ப அள்ளிச் சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“சத்தியம் உங்களுது” என்றாள் அம்மா. “புள்ள என்னுது.”

நெருப்பை அணைக்க வந்தவள் போடு என்கிறாள். நெருப்புக்காகக் குறுக்கே நின்றவள் போடாதே என்கிறாள். எனக்குத் தலை சுற்றியது. அம்மா ஏழு பொட்டலத்தையும் வாரி மடியில் கட்டினாள். என்னை ஒரே ஒரு தடவை சுற்றி வந்தாள். அத்தை கையைப் பிடிப்பதற்குள் தீவாய்க்குள் மொத்தமாகக் கொட்டிவிட்டாள்.

அந்தச் சத்தத்தை நான் மறக்கவில்லை. சூளை தும்மியது போல இருந்தது. எல்லா இடுக்கிலிருந்தும் வெள்ளை வந்தது. கிழிசல் மெல்ல எழுந்து, இந்த முறை ஊரைப் பார்த்துத் திரும்பியது. என்னைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் அத்தையும் தோப்புப் பக்கம் ஓடினார்கள். அங்கிருந்து பார்த்தோம். புகை தரையோடு தரையாக அளத்தில் இறங்கியது. பெண்கள் ஓடவில்லை; போன தடவை ஓடி மூச்சு முட்டியதால், பாத்தியிலேயே உட்கார்ந்து முந்தானையை நனைத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். வெள்ளையில் அவர்கள் உப்புக் குவியல் மாதிரி தெரிந்தார்கள். பிறகு அவர்களும் தெரியவில்லை. அதைத் தாண்டி அது உங்களிடம் வந்தது.

யாருக்கும் உயிருக்கு ஆபத்து வரவில்லை. கண் எரிச்சல் இரண்டு நாள் இருந்தது. அத்தையிடம் சத்தியம் கேட்ட மூத்தவள் மட்டும் ஒரு வாரம் இருமினாள்.

அப்பா துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு புகைக்குள்ளிருந்து வந்தார். கண்ணில் நீர் வழிந்தது.

“யாரு போட்டது?”

அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் உப்பு ஒட்டியிருந்தது. மடியில் செய்தித்தாள் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்தாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அத்தை சொன்னாள்.

“நான்தான்.”

“காத்து மாறினது தெரியலயாக்கா?”

“தெரிஞ்சிது.”

அப்பா அத்தையைப் பார்த்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். அவர் பார்த்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு அளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். மேஸ்திரியின் பெண்டாட்டியே போட்டாள் என்று தெரிந்தால் அவர் வேலையும் போகும், அந்தப் பெண்கள் முன்னால் நிற்கவும் முடியாது. அத்தை அதை ஒரு நொடியில் யோசித்துவிட்டாள். அப்பா அதை ஒரு நொடியில் ஏற்றுக்கொண்டார். சூளைக்காரர் அம்மாவின் குடத்திலிருந்து ஒரு வாய் குடித்துத் துப்பினார். தண்ணீர் கரிக்கிறது என்று சொல்லிவிட்டுத் தீவாயை அடைக்கப் போனார். அவரும் இரும்பைக்குப் போய் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அத்தை உங்கள் வாயில் என்னவெல்லாம் ஆனாள் என்பது உங்களுக்கே தெரியும். உப்பை அள்ளிப் பொய்ச் சத்தியம் செய்தவள். அவள் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். என்னிடம் “ஒங்க அத்த எப்படி இருக்குது, பொக வருதா?” என்று கேட்டது யார் என்று பெயர் சொல்லமாட்டேன். அந்த ஆடிக்குள் அவள் மெட்ராஸுக்குப் போய்விட்டாள். ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தாள். உள்ளங்கையைவிடப் பெரிதாக எதையும் அதன் பிறகு செய்யவில்லை.

நான் கல்யாணமாகி மெட்ராஸில் இருந்த காலத்தில் ஒரு தடவை அவளிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. “உன் மூக்கு, காது, தாடை எல்லாம் குச்சி வெச்சி அளந்தேன். அன்னிக்கு உன் நெத்தியில ஒரு தடவ கை வெக்கல, பாப்பா.”

சிலையைக் கெபியில் வைத்தார்கள். யார் செய்தது என்று பூசையில் சொல்லவில்லை. அன்னம்மாளுக்குப் பூச்சு மெல்லியதாக, அங்கங்கே வெறும் மண்ணாக இருந்தது. தீவாய்ப் பக்கம் இருந்த சின்ன மாதாவுக்கு மட்டும் இடது கன்னத்தில் தேன் வழிந்த மாதிரி தடித்து இறங்கியிருந்தது. முகமெல்லாம் எலுமிச்சைத் தோல் போலச் சின்னச் சின்னக் குழிகள். உப்புப் போட்டுச் சுட்டால் அப்படித்தான் வரும். அம்மா அதை நம்பவில்லை. என் கன்னத்தில் இருக்கும் இரண்டு குழியையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். புதுக் கெபி கட்டியபோது பழைய சிலையைக் கல்லறைத் தோட்டத்துக் கிணற்றடியில் கொண்டுபோய் வைத்தார்கள். இன்னும் இருக்கிறது. மூக்கு அப்படியே இருக்கிறது.

அம்மா பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னாளா என்று தெரியாது. வீட்டில் சொன்னதில்லை. அத்தையின் அடக்கத்துக்குப் போனபோது மட்டும், பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் இழுக்கும் வரை விடவில்லை. அம்மா போன மாசியில் போய்ச் சேர்ந்தாள். அதனால் எழுதுகிறேன்.

புகை வந்த நாளுக்கு மறுநாள் காலை என் வயிற்றில் மூன்று கொப்புளங்கள் இருந்தன. மதியத்துக்குள் முதுகெல்லாம் வந்துவிட்டது. சின்னம்மை. நம் வகுப்பில் வராமல் இருந்தவர்களுக்கும் அதுதான். அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். அப்பா வழக்கம் போல வேலைக்குப் போனார். பத்து மணிக்கு முதலாளியின் ஆள் வந்து கொட்டகையைப் பூட்டினான். சூளை இன்னும் ஆறவில்லை.